இல்லத்து இசைக் கணினியும் ஒலிமாற்றியும்

கற்பிட்டிக் குடாநாட்டின் வடபால், கடலுக்கும் களப்புக்கும் இடையே மணற்பாங்கான நிலத்தில் அமைந்த கடற்கரைச் சிற்றூர் உச்சமுனை. அங்கே ஓர் ஆசிரியர் இல்லத்தை உள்ளத்திலே கற்பித்துக்கொள்வோம். பாட்டனார் காலத்தில் அவ்வில்லத்துக்கு இசை வந்த வழி ஒன்றே. அது வானொலிப் பெட்டி. இலங்கை வானொலி எந்நேரத்தில் எதை ஒலிபரப்பியதோ அந்நேரத்தில் அதையே கேட்க வேண்டும். பேரன் காலத்திலோ ஆயிரக்கணக்கான பாடல்கள் ஒரு சிறு தட்டிலே சேமிக்கப்பட்டுக் கிடக்கின்றன. இணையத்தின் வழியாக மேலும் எண்ணற்றவை வந்துசேர்கின்றன. இவற்றை எடுத்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பணியைச் செய்வது கணினி. இவ்விடத்திலேதான் அவ்வில்லத்தார்க்கு ஓர் ஐயம் எழுகின்றது. கணினியோடு தனியாக ஓர் ஒலிமாற்றி வாங்கி இணைத்தல் வேண்டுமா? வேண்டுமாயின் எவ்வளவு பொருள் செலவிடுதல் தகும்?

இவ்வையம் அற்பமானதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலரின் விலை சில வாரங்களுக்குள் 300 ரூபாவை எட்டியது. அதன்பின் இன்னும் ஏறியது. 2024ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆயிற்று. இறக்குமதியாகும் பொருளனைத்தும் இவ்விரண்டின் சுமையையும் தாங்கியே கடைக்கு வருகின்றன. ஒலிமாற்றி என்னும் பெயரில் 9 டொலருக்கு விற்கப்படும் பொருளும் உண்டு. 9,000 டொலருக்கு விற்கப்படும் பொருளும் உண்டு. மாதச் சம்பளத்திற் சிறிது சிறிதாக மிச்சம் பிடித்துப் பொருள் வாங்குவோர் தவறாகத் தெரிவாராயின், அத்தவற்றைத் திருத்திக்கொள்ள மறுமுறை பணம் சேர்வதற்கு ஆண்டொன்று கழியலாம்.

முதற்கண் ஒலிமாற்றி யாது செய்கின்றது என்பதைக் காண்போம். ஒலி என்பது காற்றில் எழும் அழுத்த மாற்றம். அது தொடர்ச்சியானது. கணினியோ எண்களை மட்டுமே அறியும். ஆதலின் ஒலிப்பதிவின்போது அலையின் உயரம் மிகச் சிறு கால இடைவெளிகளில் அளக்கப்பட்டு எண்களாகக் குறித்து வைக்கப்படுகின்றது. இம்முறையைப் பிரித்தானியப் பொறியியலாளர் அலெக் ரீவ்ஸ் 1930களின் பிற்பகுதியில் வகுத்தார். அவ்வெண் வரிசையை மீண்டும் மின்னழுத்த அலையாக ஆக்கித் தருவதே ஒலிமாற்றியின் தொழில். பேச்சுவழக்கில் இதனை ‘டாக்’ என்பர். இங்கே ஒன்றை மறத்தலாகாது. ஒலி எழுப்பும் எந்தக் கணினியிலும், எந்தக் கைப்பேசியிலும் ஒலிமாற்றி ஒன்று ஏற்கெனவே உண்டு. அஃதின்றேல் ஓசையே பிறவாது. எனவே ‘ஒலிமாற்றி வேண்டுமா’ என்பது சரியான வினாவன்று. ‘உள்ளே இருப்பது போதுமா’ என்பதே சரியான வினா.

எவ்வளவு சிறிய இடைவெளியில் அளத்தல் வேண்டும் என்பதற்கு உச்சமுனையார் நன்கறிந்த வலையே உவமையாகும். வலைக்கண் பெரிதாயிற் சிறுமீன் தங்காது. அங்ஙனமே அளக்கும் இடைவெளி பெரிதாயின் விரைந்து அதிரும் மெல்லிய சுரங்கள் பதிவில் அகப்படா. ஒரு அலையைத் தவறின்றிப் பிடிக்க, அதன் அதிர்வெண்ணின் இருமடங்கினும் மிகுந்த வேகத்தில் அளத்தல் வேண்டும் என்பது விதி. இரசியரான கொத்தெல்னிக்கோவ் 1933இலும், அமெரிக்கரான சனன் 1949இலும் இதனை நிறுவிக் காட்டினர். மனிதச் செவி ஏறக்குறைய விநாடிக்கு 20,000 அதிர்வு வரையே கேட்கும். நாற்பது வயதைத் தாண்டியோர்க்கு அவ்வெல்லை இன்னும் தாழ்ந்துவிடும். ஆதலின் விநாடிக்கு 40,000 தடவைக்குச் சற்று மேலாக அளந்தாற் போதும். இறுவட்டில் 44,100 தடவை என விதித்தனர். இவ்விந்தையான எண் எங்கிருந்து வந்தது எனச் சிலர் வினவுவர். அக்காலத்தில் இலக்கமுறை ஒலியை வீடியோ நாடாவிலேதான் பதிந்தனர். விநாடிக்கு 60 புலங்கள், புலமொன்றில் 245 வரிகள், வரியொன்றில் 3 எண்கள் எனப் பெருக்க 44,100 வரும். ஐரோப்பிய முறையில் 50 புலங்கள், 294 வரிகள், 3 எண்கள் எனப் பெருக்கினும் அதுவே வரும்.

வலை உவமை ஓரிடத்தில் வழுவுகின்றது என்பதையும் கூறுதல் முறை. கண்ணினும் சிறிய மீன் வலையைவிட்டுப் போய்விடும். ஆனால் விதியை மீறிய விரைவான அலையோ போய்விடுவதில்லை. வேறொரு தாழ்ந்த சுரமாக வேடமிட்டுப் பதிவுக்குள் நுழைந்துவிடும். அதனாலேயே பதிவுக்கு முன்னர் அத்தகைய அலைகளை வடித்து அகற்றுகின்றனர். மாற்றிய பின்னரும் ஒரு வடி வேண்டும். எண்களிலிருந்து பிறக்கும் அலை படிக்கட்டுப்போல் இருக்கும் என்றும், ஆதலின் இலக்கமுறை இசை கரடுமுரடானது என்றும் சிலர் இன்னும் எழுதி வருகின்றனர். வடியைக் கடந்து வெளிவரும் அலையில் படிக்கட்டு ஏதுமில்லை. அது மூல அலையைப் போன்றே வழுவழுப்பாக இருக்கும்.

இனி, ஒவ்வோர் அளவையும் எத்துணை நுட்பமாகக் குறிப்பது என்னும் வினா எழும். 16 பிட் எனில் 65,536 படிகள். 24 பிட் எனில் 1,67,77,216 படிகள். படி ஒவ்வொன்றும் இன்னும் நுண்ணிதாகும்போது இரைச்சல் தாழும். 16 பிட் பதிவில் மிகுந்த ஒலிக்கும் இரைச்சலுக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கும்.

இவ்விடத்தில் ஒலிமாற்றியின் வரலாறு நின்று நோக்கத் தக்கது. விலை ஏன் வீழ்ந்தது என்பது அதனால் விளங்கும். இறுவட்டை ஆக்கிய இரு நிறுவனங்களுள் ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தார் கைவசம் 14 பிட் ஒலிமாற்றியே இருந்தது. யப்பானிய சொனி நிறுவனத்தாரோ 16 பிட்டே வேண்டும் என்றனர், அவ்வாறே விதியாயிற்று. பிலிப்ஸ் பொறியியலாளர் தம் 14 பிட் மாற்றியைக் குப்பையில் எறியவில்லை. எண்களுக்கு இடையே கணித்துப் பெற்ற எண்களைப் புகுத்தி, மாற்றியை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டினர். இரைச்சல் அகன்ற பரப்பிற் சிதறிற்று. செவிக்கு எட்டும் பகுதியில் அது குறைந்தது. 14 பிட் கருவி 16 பிட் தரத்தைத் தந்தது. வேகத்தைக் கொடுத்து நுட்பத்தை வாங்கிய இவ்வணிகத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றதே இன்றைய முறை. 1962ஆம் ஆண்டிலே யப்பானிய அறிஞர் இனோசேயும் யசுதாவும் விளக்கிய ‘டெல்டா-சிக்மா’ முறையில், மிகச் சில படிகளே உடைய மாற்றி மிகப் பெரும் வேகத்தில் இயங்கி, இரைச்சலைச் செவிக்கு எட்டாத உயர்ந்த அதிர்வுகளுக்குத் தள்ளிவிடுகின்றது. நுண்ணிய தடைகளை ஒன்றொன்றாகச் சீவிச் சமன்செய்யும் செலவுமிக்க வேலை இதனால் ஒழிந்தது. சிலிக்கன் சில்லில் அச்சிட்டாற் போதும்.

1982ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் யப்பானில் விற்பனைக்கு வந்த முதல் இறுவட்டுக் கருவியின் விலை 1,68,000 யென். இன்று தெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தின் பி.சி.எம். 5102ஏ என்னும் சில்லு விரல்நகம் அளவினது. அதன் இரைச்சல் இடைவெளி 112 டெசிபெல். அதனைத் தாங்கிய சிறு பலகைகள் ஒரு சில டொலருக்குக் கிடைக்கின்றன. 112 டெசிபெல் என்பது இறுவட்டு ஒன்று தாங்கக்கூடியதினும் மிகுதி.

அவ்வாறாயின் கணினியின் உள்ளே இருக்கும் மாற்றியே போதாதா? பெரும்பாலான மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் சில்லு குறைவற்றதே. குறை அது குடியிருக்கும் இடத்தில். விநாடிக்கு இலட்சக்கணக்கான தடவை திறந்து மூடும் மின்வழங்கி, சுழலும் தட்டு, படம் வரையும் பகுதி ஆகியவற்றின் மின் ஆரவாரம் அதே பலகையில் ஓடுகின்றது. அதன் ஒரு துளி இசைப் பாதையிற் கசியும். இதனை அறியச் செலவேதும் வேண்டா. பாடல் எதனையும் ஒலிக்கவிடாது, விரியலாக்கியின் ஒலியை வழக்கத்தினும் சற்று உயர்த்திவைத்து, சுட்டியை அசைத்தும் ஒரு கோப்பைத் திறந்தும் பார்க்க வேண்டும். கிறீச்சென்றோ முணுமுணுப்பாகவோ ஏதேனும் கேட்குமாயின் புற ஒலிமாற்றி பயன் தரும். ஒன்றும் கேளாதாயின் பணத்தைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

சிறு இசைக் கணினியாகப் பலரும் பயன்படுத்தும் றாஸ்பெரி பை என்பதன் நிலை வேறு. பிரித்தானியாவில் 2012ஆம் ஆண்டு வெளிவந்த இச்சிறு பலகையின் செவிப்பன்னித் துளையில் முறையான ஒலிமாற்றிச் சில்லு இல்லை. துடிப்புகளின் அகலத்தை மாற்றி ஒரு எளிய வடியின் வழியே ஒலி பெறும் சிக்கன ஏற்பாடே உண்டு. அதன் தரம் ஏறத்தாழ 11 பிட் என மதிப்பிடப்பட்டது. அஃதாவது 2,048 படிகள். வீணையின் நாதம் தேய்ந்து அடங்கும் இடத்தில் இரைச்சல் மேலெழும். 2023இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் ‘சீரோ’ என்னும் சிறிய வகையிலும் அத்துளைதானும் இல்லை. எனவே இப்பலகையை இசைக்குக் கொள்வோர் ஒலிமாற்றி வாங்கியே ஆக வேண்டும்.

வாங்குவதற்கு இரு வழிகள் உள. பலகையின் முள்வரிசை மீதே பொருந்தும் மாற்றி ஒரு வகை. இது பிலிப்ஸ் நிறுவனத்தார் 1986இல் வகுத்த மூவிழை இணைப்பின் வழியாக எண்களைப் பெறும். மேற்கூறிய பி.சி.எம். 5102ஏ பலகைகளும், றாஸ்பெரி பை நிறுவனமே விற்கும் 20 டொலர் அளவான பலகையும் இவ்வகையின. மிகமலிந்த பலகை வாங்குவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவற்றிற் பலவற்றில் எஸ்.சி.கே. எனக் குறித்த முனையை நிலத்தோடு பற்றாசு வைத்து இணைத்தல் அவசியம். அது விடுபட்டால் சீரற்ற ஓசை பிறக்கும். வாங்கியவர் சில்லைக் குறைகூறிப் பலகையை எறிந்துவிடுதலும் நிகழ்வதுண்டு. பற்றாசுக்கோல் பிடித்துப் பழகாதோர்க்கு இவ்வழி ஏற்றதன்று.

மற்றையது யூ.எஸ்.பி. துளையில் மாட்டும் மாற்றி. அப்பிள் நிறுவனம் தன் கருவிகளுக்கென 9 டொலருக்கு விற்கும் விரலளவான செவிப்பன்னி இணைப்பி கூட உண்மையில் ஓர் ஒலிமாற்றியே. அளவைக் கருவிகளில் அது பெற்ற மதிப்பு பன்மடங்கு விலையுள்ள பெட்டிகளை நாணச் செய்தது. 300 ரூபா வீதம் கணக்கிட, வரி நீங்கலாக 2,700 ரூபா. அன்றோயிட் கைப்பேசிகளில் அதன் ஒலி தாழ்ந்து நிற்பதுண்டு; கணினியில் ஒலியளவை முழுதும் உயர்த்திவிட்டால் அக்குறை இல்லை. யூ.எஸ்.பி. ஒலிக்கருவிகளுக்குப் பொதுவிதி உண்டு. அதன்படி அமைந்த மாற்றிக்குத் தனி மென்பொருள் வேண்டா. லினக்ஸ் முறைமை இரண்டாம் பதிப்பு விதியை 2010இலும், வின்டோஸ் 2017இலும் ஏற்றன. ‘எமது மென்பொருளை நிறுவினாலன்றி இயங்காது’ என்னும் பொருளைத் தவிர்த்தல் நன்று. அந்நிறுவனம் அம்மென்பொருளைக் கைவிடும் நாளில் மாற்றியும் பயனற்றதாகும்.

விளம்பரங்களில் அடிக்கடி காணப்படும் இரு சொற்களைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். ஒன்று ‘ஜிற்றர்’, எண்கள் அலையாக மாறும் நேரத்தில் ஏற்படும் நுண்ணிய தடுமாற்றம். 1998இல் பெஞ்சமின், கனன் என்போர் செய்த சோதனையில், இசை ஒலிக்கும்போது பயிற்சி பெற்ற செவிகளும் ஏறத்தாழ 20 நனோ விநாடிக்குக் குறைந்த தடுமாற்றத்தை உணரவில்லை. இன்றைய மலிந்த மாற்றிகளிலும் அது இதனினும் மிகக் குறைவு. மற்றையது ‘உயர்நுட்ப ஒலி’. அஃதாவது 24 பிட், விநாடிக்கு 96,000 அல்லது 1,92,000 அளவைகள். பொஸ்ரன் நகரில் மேயர், மொறன் என்போர் உயர்நுட்ப ஒலியையும், அதே ஒலியை இறுவட்டுத் தரத்துக்குத் தாழ்த்தியதையும் மறைத்து வைத்துக் கேட்பித்து, முடிவை 2007இல் வெளியிட்டனர். 554 தடவைகளுள் 276 தடவை விடை சரியாயிற்று. நாணயத்தைச் சுண்டினாலும் இவ்வளவே வரும். 2016இல் லண்டனில் ஜோசுவா றைஸ் என்பார் 18 ஆய்வுகளைச் சேர்த்து நோக்கி, நூற்றுக்கு 52.3 என்னும் சிறு வேறுபாட்டைக் கண்டார் என்பதையும் மறைத்தலாகாது. பயிற்சி உடையோரிடம் அது மேலும் கூடுகின்றது என்றும் அவர் காட்டினார். அவ்வேறுபாடு உண்மையே எனக் கொள்ளினும், சம்பளத்திற் பாதியை அதற்கென ஈடுவைத்தல் அறிவுடைமையாகாது.

மேலும், கேட்கப்படும் பதிவு எத்தகையது என நோக்க வேண்டும். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரம் அரக்கு இசைத்தட்டுகளிலே நமக்குக் கிடைக்கின்றது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற அத்தட்டுகளின் உராய்வு இரைச்சல் எந்த ஒலிமாற்றியின் இரைச்சலையும் பல்லாயிர மடங்கு விஞ்சும். அவற்றின் உயர்ந்த சுரங்களும் செவியின் எல்லைக்கு வெகு முன்னரே நின்றுவிடுகின்றன. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிற் பதிவுகளிற் பல கச்சேரி நாடாவிலிருந்து வந்தவை. இவற்றை மாற்றி வழங்க 9 டொலர்க் கருவிக்கு ஆற்றல் போதும். பதிவில் இல்லாத ஒன்றை 9,000 டொலர்க் கருவியும் ஆக்கித் தராது. இசையைச் சுருக்கிச் சேமிக்கும்போது இழப்பு நேரும் எம்.பி.3 முறையினும், இழப்பற்ற ஃபிளாக் முறையில் தேடிப் பெறுதலே மாற்றியை மாற்றுதலினும் பயனுடையது.

கேட்கும் அறையும் ஓர் அங்கமே. அமைதியான உள்நாட்டு வீட்டில் இரவுப் பொழுதின் ஓசை 30 டெசிபெல் எனக் கொள்ளலாம். உச்சமுனையிலோ வைகாசி தொடங்கிப் புரட்டாதி ஈறாகத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அலையோசையும் ஓலைச் சலசலப்பும் சேர்ந்து 40 டெசிபெல்லுக்குக் குறையா. இசையின் உச்சம் 90 டெசிபெல் எனின் நடுவே எஞ்சுவது 50 டெசிபெல்லே. ஒலிபெருக்கியின் வழி கேட்போர்க்கு அதற்குக் கீழ்ப்பட்ட இரைச்சல் கடலோசையில் மூழ்கிப்போம். செவிப்பன்னி அணிவோர்க்கு மட்டும் இக்கணக்கு முற்றும் பொருந்தாது. அவர் இரைச்சல் குறைந்த மாற்றியைச் சற்று நாடலாம்.

ஆயின் ஒருவகை ஓசை கடலோசையையும் மீறிக் கேட்கும். கணினியும் விரியலாக்கியும் தனித்தனியே மின்னிணைப்பில் நிலத்தோடு பொருந்தியிருப்பின், இரண்டுக்கும் இடையே சுற்றொன்று உண்டாகி, நமது மின்வழங்கலின் 50 அதிர்வு ‘ம்ம்’ என்னும் முழக்கமாக இசையிற் புகும். விலைமிக்க மாற்றி வாங்கினாலும் இது தீராது. இரண்டையும் ஒரே பலகையில் மாட்டிப் பார்த்தல் முதல் மருந்து. தீராவிடின் ஒளியிழையால் இணையும் மாற்றியைக் கொள்ளலாம். ஒளி செல்லும் பாதையில் மின் செல்லாது. கதிரொளிப் பலகையும் மின்கலமும் கொண்டு கணினியை இயக்கும் இல்லங்களில் இத்தொல்லை பெரும்பாலும் எழுவதில்லை.

இரு மாற்றிகளை ஒப்பிட்டுத் தெரிய வாய்ப்புடையோர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. ஒரு மாற்றி 2 உவோற்று வெளியிடும். மற்றொன்று 1 உவோற்று. முன்னது 6 டெசிபெல் உரத்துக் கேட்கும். உரத்துக் கேட்பதை நன்று எனக் கொள்ளுதல் செவியின் இயல்பு. விற்போரும் இதனை அறிவர். ஆதலின் 100 அதிர்வுள்ள சோதனை ஒலியை ஓடவிட்டு, சாதாரண மின்னளவியால் இரண்டின் அழுத்தத்தையும் நூற்றில் ஒரு பங்குக்குள் சமன்செய்தல் வேண்டும். பின்னர் வீட்டார் ஒருவர் மறைவில் நின்று மாற்றி மாற்றி இணைக்க, கேட்பவர் எதுவெனக் கூறுதல் வேண்டும். 16 தடவையில் 12 அல்லது மேற்பட்டு விடை சரியாயின் வேறுபாடு உண்டெனக் கொள்ளலாம். ஊகத்தால் அவ்வாறு அமைதற்கு நூற்றுக்கு 4 பங்கிலும் குறைந்த வாய்ப்பே உண்டு. இச்சோதனைக்குத் தம்புராவின் தனி ஒலி சாலச் சிறந்தது. ஜீவாளி நூலால் எழும் நுண்ணிய அதிர்வுகள் தேய்ந்து மறையும் இடத்திலேதான் குறைபாடுள்ள மாற்றியின் இரைச்சல் வெளிப்படும்.

முடிவாக உச்சமுனை இல்லத்தார்க்கு உரியது இது. மடிக்கணினியில் முணுமுணுப்பு இல்லையேல் ஒன்றும் வாங்க வேண்டா. உண்டேல், அல்லது றாஸ்பெரி பை பயன்படுத்துவதாயின், 3,000 முதல் 8,000 ரூபாவுக்குள் அடங்கும் பொதுவிதி மாற்றி ஒன்று போதும். அதற்கு மேல் செலவிட உள்ள பொருள் ஒலிபெருக்கிக்குச் செல்லட்டும்; இசையை மிகுதியாக மாற்றித் தருவது அதுவே, இரு ஒலிபெருக்கிகளுக்கு இடையிலான வேறுபாட்டைச் சிறுவரும் கண்ணை மூடிக்கொண்டு கூறுவர்.

கடற்கரையில் மாற்றியின் ஆயுளை நிருணயிப்பது சில்லன்று, உப்புக்காற்று. செருகிகளின் உலோக முகம் பச்சை படிந்து தொடர்பு அறும். ஒரு பக்க ஒலி நின்றுபோம். முன்னரே பூச்சு உரிந்த செருகியை விலக்கி, பொன்முலாம் பூசியதைத் தெரிதல் இங்கே வீண் ஆடம்பரமன்று. மாற்றியைக் காற்று நேரே வீசும் சாளரத்தின் கீழ் வையாது மூடியுள்ள பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்தல் வேண்டும்; கணினிப் பலகை சூடாவதால் அதனை அப்பெட்டிக்குள் அடைத்தலாகாது. மாதம் ஒருமுறை செருகிகளைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு மூன்று முறை மாட்டிக் கழற்றினால் படிந்த பாசி தேய்ந்து தொடர்பு மீளும்.